எஞ்சினுக்கும் நல்ல தண்ணீர்



கரையிலிருந்து வெகு தூரத்தில் விசைப்படகின் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியும். படகு நீரோட்டம் இழுக்கும் பக்கம் போகும். ஐஸ் கரையும். பிடித்த மீன் கெடும். காற்று எழுந்தால் உயிருக்கே ஆபத்து. வேறு படகு வந்து கட்டி இழுத்துவர வேண்டும்.

நட்டம் படகுக்காரருக்கு மட்டும்தானா? இல்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பல துறைமுகங்களில் பங்கு பிரிக்கிறார்கள். மீன் இல்லை என்றால் பங்கும் இல்லை. வேலை செய்தவரும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

எஞ்சின் நிற்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று சூடு. சூட்டுக்குப் பின்னால் பல சமயம் உப்பு இருக்கிறது. எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் ஓடுவதை நிறுத்தி நல்ல தண்ணீரை ஓடவிடுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு?

எஞ்சினில் டீசல் எரிகிறது. அந்தச் சூடு முழுவதும் விசிறியைச் சுற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் இரும்பில் ஏறுகிறது. இந்தச் சூட்டை எடுக்காவிட்டால் பிஸ்டன் விரிந்து லைனரில் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஜாம் ஆகிவிடும்.

லாரியில் ரேடியேட்டர் இருக்கிறது. அதில் தண்ணீர் ஓடுகிறது. எதிர்க்காற்றும் மின்விசிறியும் அதைக் குளிர வைக்கின்றன. படகின் எஞ்சின் அறை அடைத்துக் கிடக்கும். அங்கே காற்றோட்டம் போதாது. ஆனால் படகைச் சுற்றிலும் கடல் இருக்கிறது. எனவே கடல் தண்ணீரை உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, மறுபடி கடலிலேயே விடும் முறை வந்தது. இதில் சாமான் குறைவு. செலவும் குறைவு.

1952-ல் இந்தியாவுக்கும் நார்வேக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1953-ல் கொல்லம் அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. நம் நாட்டு மீன்பிடிப்பில் எஞ்சின் படகு பரவ அந்தத் திட்டம் ஒரு பெரிய காரணம். துடுப்பும் பாயும் செய்த வேலையை எஞ்சின் ஏற்றுக்கொண்டது. அதோடு எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மீனவர் தலையில் வந்து சேர்ந்தது.

கடல் தண்ணீர் என்ன கெடுதல் செய்கிறது?

முதல் கெடுதல் துரு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் வழியாக 1000 லிட்டர் தண்ணீர் போனால் 35 கிலோ உப்பும் உள்ளே போய் வருகிறது. அத்தனையும் தங்குவதில்லை. ஆனால் போகிற வழியில் இரும்பை அரித்துக்கொண்டே போகிறது.

இரண்டாவது கெடுதல் படிவு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு படிகிறது. தண்ணீர் சூடாக ஆகப் படிவும் அதிகமாகும். படிவு தடித்தால் தண்ணீர் போகும் வழி குறுகும். இரும்பின் சூடு தண்ணீருக்கு வராது. வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கெடுதல் பலருக்குத் தெரியாது. படிவுக்குப் பயந்து, கடல் தண்ணீர் ஓடும் எஞ்சினை 55, 60 டிகிரிச் சூட்டிலேயே ஓட்ட வேண்டியிருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு அது போதாது. 80 டிகிரிக்குப் பக்கத்தில்தான் டீசல் நன்றாக எரியும். குளிர்ந்த எஞ்சினில் கரி சேரும். டீசலில் உள்ள கந்தகமும் ஈரமும் சேர்ந்து அமிலமாகி லைனரைத் தின்னும். ஆயில் சீக்கிரம் கெடும். எஞ்சின் சூடு அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

பழைய யோசனைதான்

கடல் தண்ணீரை எஞ்சினிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. முற்காலத்து நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கடல் தண்ணீரையே ஊற்றினார்கள். உப்புப் படிந்து கொதிகலன் கெட்டது. உப்பேறிய தண்ணீரை அடிக்கடி வெளியே தள்ள வேண்டியிருந்தது. அதோடு சூடும் வீணாய்ப் போனது. 1834-ல் சாமுவேல் ஹால் என்ற ஆங்கிலேயர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் கடல் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும். மறுபக்கம் நீராவி குளிர்ந்து நல்ல தண்ணீராகும். அந்தத் தண்ணீரையே மறுபடி கொதிகலனுக்கு விடலாம். இரண்டும் கலக்காது. நடுவே உலோகச் சுவர் இருக்கும். சூடு மட்டும் சுவரைத் தாண்டிப் போகும்.

இன்றைய படகு எஞ்சினுக்கும் இதே யோசனைதான்.

இரண்டு வழிகள்

முதல் வழி ஹீட் எக்ஸ்சேஞ்சர். சுருக்கமாக இதைக் கூலர் என்று சொல்லலாம். ஒரு உருளை. அதற்குள் நிறைய மெல்லிய குழாய்கள். குழாய்களுக்கு உள்ளே கடல் தண்ணீர் போகும். குழாய்களுக்கு வெளியே, உருளைக்குள், எஞ்சினின் நல்ல தண்ணீர் போகும். நல்ல தண்ணீர் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்பும். கடல் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். தண்ணீரில் கழுவிய குழந்தைப் பால் பாட்டிலைக் குளிர வைக்கப் பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்துகிறோம் அல்லவா? பால் ஆறுகிறது. பாலில் தண்ணீர் கலப்பதில்லை. அதே கதைதான்.

இரண்டாவது வழியில் கடல் தண்ணீர் படகுக்குள் வருவதே இல்லை. படகின் அடியில், ஏராவை ஒட்டி, வெளிப்புறமாகக் குழாய் பொருத்துவார்கள். எஞ்சினின் நல்ல தண்ணீர் அந்தக் குழாயில் போய்க் குளிர்ந்து திரும்பும். இதற்குக் கீல் கூலிங் என்று பெயர். சேறும் மணலும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சப்பட்டு அடைக்கும் தொல்லை இதில் கிடையாது. ஆனால் அடி தட்டினால் குழாய் நசுங்கும். கொட்டலசு ஒட்டினால் குளிர்ச்சி குறையும். குழாய் மேல் தடிப்பாகப் பெயின்ட் அடித்தாலும் குளிர்ச்சி குறையும். கரையில் இழுத்து ஏற்றும் படகுக்கு இது ஏற்றதல்ல. புகைக் குழாயிலும் தண்ணீர் போகாது. அது நெருப்பாய்ச் சுடும். சூடு தாங்கும் உறை சுற்ற வேண்டும். இதற்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஒரு படகுக்காரரும் ஒரு மெக்கானிக்கும்

கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் நிறையப் பேர் தொழில் செய்கிறார்கள். தூண்டில் படகில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். சில சமயம் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அப்படி ஒரு படகின் எஞ்சின் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். படகுக்காரரும் மெக்கானிக்கும் பேசுவதைக் கேட்போம்.

"இத்தனை வருசம் கடல் தண்ணியிலதானே ஓடிச்சு தம்பி? இப்ப மட்டும் என்ன?"

"ஓடிச்சு அண்ணே. உள்ள என்ன ஆச்சுன்னு நீங்க பாக்கலையே. இந்த வாயில விரலை விட்டுப் பாருங்க."

விரல் பாதிதான் போகிறது. உள்ளே கல் மாதிரிப் படிவு.

"ஆசிட் விட்டுக் கழுவிட்டா போதாதா?"

"கழுவலாம். அடுத்த வருசம் மறுபடியும் இதேதான். ஒவ்வொரு தடவையும் இரும்பும் கொஞ்சம் கொஞ்சமா கரையும்."

"அப்போ உடனே கூலர் மாட்டிடு."

"அவசரப்படாதீங்க அண்ணே. முதல்ல பிளாக் தாங்குமான்னு பாப்போம். பிளாக் ஓட்டையா இருந்தா கூலருக்குப் போடுற காசு கடல்ல போட்ட மாதிரி. நல்லா இருந்தா மாத்தலாம். இல்லன்னா வேற எஞ்சினுக்குக் காசு சேருங்க."

நல்ல மெக்கானிக் இப்படித்தான் சொல்வார். பார்க்காமலே மாட்டித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

மாற்றும் வேலை எப்படி நடக்கும்?

இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனாலும் என்ன நடக்கிறது என்று படகுக்காரருக்கும் டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தடைக்காலத்தில் படகு சும்மா நிற்கும்போது செய்வது நல்லது. மத்திய அரசின் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

1. சோதனை: தண்ணீர் வழிகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். அரை மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஹெட் பேக்கிங்கையும் பார்க்க வேண்டும்.

2. சுத்தம்: உள்ளே இருக்கும் படிவை அமில மருந்தால் கரைத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். கையுறை, கண்ணாடி அவசியம். காற்றோட்டம் வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. கழுவிய பிறகு மறுபடி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சில சமயம் படிவுதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். படிவு போனதும் ஓட்டை தெரியும்.

3. கூலரின் அளவு: எஞ்சினின் குதிரைச் சக்திக்கு ஏற்ற கூலர் வாங்க வேண்டும். நம் கடல் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். குளிர் நாட்டுக் கடலுக்கு என்று கணக்கிட்ட கூலர் இங்கே போதாமல் போகலாம். கடையில் கேட்டு, அட்டவணையைப் படித்து வாங்குங்கள்.

4. இரண்டு பம்பு: முன்பு ஒரு பம்பு போதும். இப்போது இரண்டு வேண்டும். ஒன்று கடல் தண்ணீருக்கு. அதில் ரப்பர் இம்பெல்லர் இருக்கும். இன்னொன்று நல்ல தண்ணீரைச் சுற்றவிட. லாரி எஞ்சினைப் படகில் வைத்திருந்தால் பெல்ட்டில் ஓடும் தண்ணீர்ப் பம்பு அதிலேயே இருக்கும்.

5. கடல் தண்ணீர் வழி: படகின் அடியில் வால்வு. அடுத்து வடிகட்டி. அடுத்து பம்பு. அடுத்து கூலர். அங்கிருந்து புகைக் குழாய்க்குப் போய், புகையைக் குளிர வைத்து வெளியேறும்.

6. நல்ல தண்ணீர் வழி: பம்பு, பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட், மேல் தொட்டி, கூலர், மறுபடி பம்பு. இது முடிவில்லாத வட்டம். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஹெட்டிலிருந்து வரும் தண்ணீரைப் புகை மேனிஃபோல்டு வழியாகவும் விட்டால் முழு மாற்றம். மேனிஃபோல்டில் மட்டும் கடல் தண்ணீரே ஓடினால் அரை மாற்றம். அரை மாற்றத்துக்குச் செலவு குறைவு. ஆனால் மேனிஃபோல்டு தொடர்ந்து துருப்பிடிக்கும்.

7. மேல் தொட்டி: இதுதான் எல்லாவற்றையும் விட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்கள் தொட்டியை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் வளைந்து ஏறி இறங்கினால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். காற்று அடைத்த இடத்தில் தண்ணீர் ஓடாது. தொட்டிக்கு அழுத்த மூடி உண்டு. அரை பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 110 டிகிரிக்குத்தான் கொதிக்கும்.

8. தெர்மோஸ்டாட்: பழைய 55, 60 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, எஞ்சின் கம்பெனி சொல்லும் அளவில் புதியது போட வேண்டும். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது தவறு.

9. ஓட்டிப் பார்த்தல்: தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, முதலில் துறைமுகத்தில் கட்டியபடியே ஓட்ட வேண்டும். பிறகு கரை தெரியும் தூரத்தில் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மீட்டர் முள் ஒரே இடத்தில் நின்றால் வேலை சரி.

கூலன்ட்: டப்பாவைப் படியுங்கள்

மேல் தொட்டியில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கலாம். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலக்க வேண்டும். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. அப்படியானால் கூலன்ட் எதற்கு? துருவைத் தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் அது கொஞ்சம் கூட்டும்.

எவ்வளவு கலப்பது? டப்பாவில் எழுதியிருக்கும். சரி பாதி என்று எழுதியிருந்தால், 20 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 10 லிட்டர் கூலன்ட், 10 லிட்டர் தண்ணீர். கலந்தே விற்கும் கூலன்டும் உண்டு. அதில் மறுபடி தண்ணீர் கலந்தால் மருந்து நீர்த்துப்போகும். எனவே வாங்கியதும் டப்பாவைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது விஷம். ஆனால் இனிக்கும். குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும். காலி டப்பாவில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். பழைய கூலன்ட்டைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். உப்பு கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

மாற்றியதோடு முடிந்ததா?

முடியவில்லை. கூலருக்குள் கடல் தண்ணீர் ஓடுகிறது. அதை அரிப்பிலிருந்து காக்க ஒரு துத்தநாகக் கட்டை திருகியிருக்கும். கூலருக்குப் பதில் அது கரையும். சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் புதியது போடுங்கள். மலிவான அந்தக் கட்டை, விலை கூடிய கூலரைக் காப்பாற்றுகிறது.

வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கழுவுங்கள். ரப்பர் இம்பெல்லர் ஒன்றும், பெல்ட் ஒன்றும், ஓஸ் கிளிப்புகளும் படகில் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் இம்பெல்லர் சில நிமிடங்களில் கிழிந்துவிடும். கிளப்பியதும் பின்பக்கம் போய்த் தண்ணீர் வெளியேறுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது மேல் தொட்டி மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, துணி போட்டு, மெதுவாகத் திருகுங்கள்.

தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது; வெளியே கசிவு இல்லை. அப்படியானால் கூலர் குழாய் ஓட்டையாகியிருக்கலாம். ஹெட் பேக்கிங் போயிருக்கலாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சினை ஓட்டாதீர்கள்.

நடுக்கடலில் நல்ல தண்ணீர் போய்விட்டது, கையில் வேறு இல்லை என்றால்? எஞ்சினை ஆறவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறியபின் கடல் தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கரைக்கு வரலாம். உயிர்தான் முதலில். கரைக்கு வந்த உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

எஞ்சின் அறையில் ஒரு நோட்டு தொங்கட்டும். தேதி, ஓடிய மணி, சூடு, ஆயில், தொட்டித் தண்ணீர். இந்த ஐந்தையும் தினமும் எழுதுங்கள். 78, 78, 79 என்று இருந்த சூடு 82, 85 என்று ஏறத் தொடங்கினால் எஞ்சின் ஏதோ சொல்கிறது என்று பொருள். எழுதி வைக்காதவருக்கு அது தெரியாது. அவருக்கு எஞ்சின் நின்ற பிறகுதான் தெரியும்.

டிரைவர் மாறினாலும் நோட்டு மாறாது. எழுத்துக் கற்றவர் கையில் அந்த நோட்டும் ஒரு தொழில் கருவிதான்.

எஞ்சின் வேலையை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கும் வழி உண்டு. கொச்சியில் 1963-ல் தொடங்கிய மத்திய அரசின் சிஃப்நெட் பயிற்சி நிறுவனம் மரைன் ஃபிட்டர் பயிற்சி தருகிறது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்குக் கிளைகள் உள்ளன.

கடல் மீனவருக்குச் சோறு போடுகிறது. அது படகுக்கு வெளியே இருக்கட்டும். எஞ்சினுக்கு உள்ளே நல்ல தண்ணீர் ஓடட்டும். போனவர்கள் எல்லோரும் போன படகிலேயே திரும்பி வரட்டும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் படகின் எஞ்சினில் எந்தத் தண்ணீர் ஓடுகிறது? டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள்.

2. கூலன்ட்டும் தண்ணீரும் சரி பாதி. எஞ்சினுக்கு 16 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர்?

3. 200 லிட்டர் கடல் தண்ணீரில் எத்தனை கிலோ உப்பு இருக்கும்?

4. எஞ்சின் பழுதால் பயணம் வீணானால் செலவை யார் ஏற்க வேண்டும்? படகுக்காரரா, எல்லோருமா? பேசி முடிவு செய்யுங்கள்.